அப்பா கழுவிக் கொடுத்த படம்

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் ஒருத்தி கேள்வி ஒன்றைப் போட்டாள். அவரவர் பார்த்த முதல் சினிமா எது? அரை மணி நேரத்தில் என் போன் சூடாகிவிட்டது. எந்தக் கொட்டகை, யாரோடு போனது, இடைவேளையில் என்ன தின்றது, எந்த இடத்தில் அழுதது என்று ஆளாளுக்குக் கொட்டித் தீர்த்துவிட்டீர்கள். காலையில் மாத்திரை போட்டோமா என்பது நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது, இதெல்லாம் இருக்கிறது. நான் மட்டும் பதில் போடவில்லை. "அவ சபைக்காரங்க வூட்டுப் பொண்ணு, சினிமாவே பாத்திருக்க மாட்டா" என்று ஒருத்தி எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மையும் வைத்திருந்தாள்.

பார்த்திருக்கிறேனடி. உங்கள் அம்மாக்கள் பிறப்பதற்கு முன் எடுத்த படத்தைப் பார்த்திருக்கிறேன். அதன் பெயர் எனக்குத் தெரியாது. கதையும் தெரியாது. ஆரம்பமும் முடிவும் ஒட்டிக்கொண்டு கட்டையாகிப் போயிருந்தன. நடுவில் இருந்ததைத்தான் பார்த்தேன். அதையும் சரியான வரிசையில் பார்த்தேனா என்பது இன்றுவரை குழப்பம். இரண்டு வரியில் போட்டுவிடுகிற சமாசாரம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

எங்கள் வீடு ஆம்பூரில், பாலாற்றுக்குப் போகிற வழியில், தோல் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. அப்பா அந்தக் கம்பெனியில் மேஸ்திரி. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் எடுத்து, ஜவ்வு சீவி, சுத்தம் செய்கிற வேலை முழுக்க அவர் பொறுப்பு. சுண்ணாம்பிலிருந்து வந்த தோலை 'பேட்' என்கிற பவுடர் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆக்குவார்கள். எவ்வளவு நேரம் போடுவது என்பதற்கு அப்பாவின் கட்டைவிரல்தான் கணக்கு. தோலை எடுத்து ஓர் அழுத்து அழுத்துவார். ரேகை அப்படியே பதிந்து நின்றால் எடுத்துவிடலாம். கொஞ்சம் கூடிப்போனால் தோல் கூழாகிவிடும். மேஸ்திரி கைபட்டு ஒரு தோல் கெட்டதில்லை என்று முதலாளி பாய் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் கிறிஸ்தவ சபையிலும் அப்பா அப்படித்தான், வெகு கண்டிப்பு. எங்களுக்கு நகை கிடையாது, பூ கிடையாது. ரேடியோவில் செய்தி மட்டும். சினிமா போஸ்டர் ஒட்டிய சுவர் வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பார். பிறந்ததிலிருந்து ஒரு படம் பார்த்தது கிடையாது, அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. நானும் அவர் பின்னால் தலையைத் திருப்பிக்கொண்டுதான் நடப்பேன், ஒரு கண்ணைப் போஸ்டரிலேயே விட்டுவிட்டு.

அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். அவர்களுடைய அப்பா அம்மா போன பிறகு என் அம்மாதான் அவரை வளர்த்தாள். பி.ஏ. முடித்து இரண்டு வருஷம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. வாசகசாலையில் எல்லாப் பத்திரிகைகளையும் படித்துவிட்டுச் சாயந்திரம் வந்து எனக்கு உலக விவகாரம் சொல்வார். அவர் சினிமாக் கொட்டகைக்குப் போகிறவர் என்பது அப்பாவுக்குத் தெரியும். கேட்டால் சண்டை வரும் என்று கேட்க மாட்டார். அம்மாவுக்கு ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு எதையும் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

நான் ஐந்தாவது முடித்த கோடை விடுமுறை. ஒரு நாள் மத்தியானம் மாமா பஸ் கூரையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கித் தலையில் சுமந்துகொண்டு வந்தார். மேல்விஷாரத்தில் ஒரு பெரியவர், வாலிபத்தில் மாட்டு வண்டியில் மெஷினை ஏற்றி ஊர் ஊராகப் படம் காட்டியவராம். ஹஜ்ஜுக்குப் போய்வந்த பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். மெஷின் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. வீட்டை இடித்துக் கட்டும்போது பரணில் இந்தப் பெட்டி கிடைத்திருக்கிறது.

"பாய் இன்னா சொன்னாரு தெரியுமா? 'இத வெச்சுக்கினு நான் இன்னா பண்றது, நீ எடுத்துக்கினு போப்பா. பக்கத்துல பீடி மட்டும் பத்த வெக்காத, தீ புடிச்சுக்கும்'னாரு" என்று மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "என் வூட்டுக்குள்ள அது வராது" என்றார். பெட்டி பின்பக்கத்து விறகுக் கொட்டகைக்குப் போனது. மேலே தகரக் கூரை. சித்திரை மாதம். நம் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டிக்குள் ஆறு டப்பாக்கள் இருந்தன. இரண்டில் இருந்த படச்சுருள் வெல்லக்கட்டி போல இறுகிப்போயிருந்தது. மூன்று டப்பாக்களில் பேசாத படம். ஆறாவது டப்பா வேறொரு படத்துடையது, பேசும் படம் வந்த புதிதில் எடுத்தது. இதெல்லாம் மாமா சொல்லித்தான் தெரியும். எனக்குச் சினிமா பேசும் என்பதே அப்போதுதான் தெரிந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? போஸ்டரில் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தார்கள்.

மெஷின் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? மாமா ஒரு பியூஸ் போன பல்பின் பின்பக்கத்தைத் தட்டி எடுத்து உள்ளே தண்ணீர் நிரப்பினார். கொட்டகைக்குள் வேட்டியைக் கட்டினார். வாசலில் நான் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே அனுப்ப வேண்டும். அந்த வெளிச்சத்தில் மாமா படச்சுருளைத் தலைகீழாகப் பிடிப்பார். வெளிச்சம் படத்தைத் தாண்டி, பல்பைத் தாண்டி, வேட்டியில் போய் நேராக விழும். ஒவ்வொரு கட்டமாக நகர்த்துவார். வெயில் நகர நகர நானும் கண்ணாடியைத் திருப்பி, கழுத்தையும் திருப்பி உள்ளே பார்ப்பேன். அந்த ஒன்றரை மாதத்தில் என் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது என்று அம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டாள்.

இது பாவமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே யோசித்தாள். "நவுர்றதில்ல இல்ல? நின்னுக்கினுதானே கீது? அப்ப அது போட்டோ" என்றாள். சபையில் போட்டோவுக்குத் தடை இல்லை.

அந்தப் படத்தில் ஒரு ராஜா இருந்தார். ஒரு கிணறு இருந்தது. குடத்தோடு ஒரு பெண் வந்தாள். அவ்வப்போது கறுப்புக் கட்டத்தில் நாலு பாஷையில் எழுத்து வரும். தமிழ் எல்லாவற்றுக்கும் அடியில், பாதி பூஞ்சை தின்றது போக மிச்சம். ஒரு டப்பாவில் செத்துக் கிடந்த ஆள் அடுத்த டப்பாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எது முதல் டப்பா என்று மாமாவுக்கே தெரியவில்லை. அவன் பிழைத்துக்கொண்டானா, இனிமேல்தான் சாகப்போகிறானா என்று நான் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தேன்.

அந்தப் பெண் கிணற்றடியில் நின்று வாயைத் திறந்து எதையோ சொல்கிறாள். கட்டம் கட்டமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, அவள் சொல்லி முடிக்கவில்லை. எழுத்தும் வரவில்லை. "சாபம் வுடுறா" என்றார் மாமா. "எருமைய கூப்புடுறா" என்றேன் நான். எங்கள் ஊரில் அப்படி வாயைத் திறந்து எருமையைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் முழுக்க இதே சண்டை. பிறகு மாமா அவள் கையைக் கிட்டத்தில் காட்டினார். கை முழுக்க மயிர். "ஆம்பளடீ இது! அப்பல்லாம் பொம்பளைங்க நடிக்க வர மாட்டாங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாளாக நான் மனசில் கொஞ்சிக்கொண்டிருந்த முகம் அது. அவளை இனி அவன் என்று நினைப்பதா, அவள் என்றே விட்டுவிடுவதா என்று புரியாமல் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன்.

பேசும் படம் இன்னும் குழப்பம். அதன் ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு ஓடியது. கீறல் என்று நினைத்து விரலால் துடைத்தேன். "தொடாத, அதான் பேச்சு" என்றார் மாமா. பேச்சைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். ஆனால் பேசாத படத்தில் எல்லோரும் ஓடியாடிக் கையை வீசிப் பேசினார்கள். பேசும் படத்திலோ ஒரே ஆள் ஆணியடித்தது போல நின்றுகொண்டு வாயை மட்டும் திறந்து மூடினான். பாட்டாம். டப்பா முழுக்க ஒரே பாட்டு. இதில் எது பேசும் படம், எது பேசாத படம் என்று பெயரை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

சிரிப்புக்கு நடுவில் மாமா ஒரு காரியம் செய்திருந்தார். வடக்கே பழைய படங்களைத் தேடிச் சேர்த்து வைக்கிற இடம் ஒன்று இருப்பதாகப் பத்திரிகையில் படித்து, இங்கிலீஷில் கடிதம் போட்டிருந்தார். மே மாதக் கடைசியில் பதில் வந்தது. அந்த இடத்து அதிகாரி ஒருவர் மெட்ராசுக்கு வருகிறார். படத்தை நேரில் வந்து பார்ப்பார். உண்மையிலேயே பேசாத படம் என்றால் எடுத்துக்கொள்வார்கள். தென்பக்கம் இப்படித் தேடித் தர ஆள் தேவை, மாமாவையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மாமா அந்தக் கடிதத்தைத் தெருவில் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் காட்டினார்.

அப்பாவும் வாங்கிப் பார்த்தார். "ஜூன் முடியட்டும். இது ஆச்சுன்னா சந்தோஷம், போ. ஆவலன்னா என்கூட கம்பெனிக்கு வந்துடணும். ரெண்டு வருஷம் ஜாஸ்திப்பா" என்றார். மாமா சரி என்றார். சுண்ணாம்புக் குழியில் இறங்குவதற்கு அவருக்கு அவ்வளவு பயம், ஆனாலும் சரி என்றார். கடிதம் கையில் இருந்த தைரியம்.

அதற்குள் வெயில் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. டப்பாவைத் திறந்தால் பழைய காலுறை நாற்றம். படச்சுருள் வியர்த்தது. வெள்ளையாகப் பூஞ்சை, கறுப்பாகப் பிசுபிசுப்பு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முகம் போய்க்கொண்டிருந்தது. அதிகாரியைக் கையோடு கூட்டிவர மாமா வெள்ளிக்கிழமை மெட்ராசுக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன் விறகின் மேல் உட்கார்ந்து, தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னும் மூணு நாளு தாங்கினா போதும்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, டப்பாக்களிடம் சொன்னார்.

அன்று சாயந்திரம் நான் அப்பாவிடம் போனேன். அவர் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். "அப்பா, மாமா படம் அழுவிப் போவுதுப்பா. நாறுது. நீ எதுனா பண்ணேன்" என்றேன். அழுகுகிற எதையும் காப்பாற்றுகிறவர் எங்கள் அப்பா. எனக்கு அது மட்டும்தான் தோன்றியது.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொட்டகைக்குள் வந்தார். வாழ்நாளில் முதல் தடவையாகச் சினிமாவைக் கையில் எடுத்தார். முகர்ந்தார். கட்டைவிரலால் அழுத்தினார். ரேகை பதிந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தெரிந்த ஆளை வெளியூரில் பார்த்தது போல ஆகிவிட்டது.

"இது தோல் சரக்குமா" என்றார். "ஜவ்வ காய்ச்சி எடுக்கிற வஜ்ஜிரப் பசை. நம்ம கம்பெனி ஜவ்வு லாரில போவுதுல்ல, போட்டோ பிலிமுக்குத்தான்னு சொல்வாங்க. எனக்குத் தெரியாததா இது? பேட்ல போட்டு எடுத்தா அழுக்கெல்லாம் கழண்டுக்கும்."

சனிக்கிழமை அரைநாள் ஷிப்டு. அது முடிந்ததும் டப்பாக்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். ஒரு மரத்தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, முழங்கையால் சூடு பார்த்து, பவுடரைக் கரைத்தார். நான்கு சுருள்களையும் தளர்த்தி உள்ளே விட்டார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி உள்ளங்கையால் தடவித் தடவி எடுத்தார்.

தண்ணீர் முதலில் பழுப்பானது, பிறகு கறுப்பானது. அவர் தடவிய இடத்திலெல்லாம் படம் மெல்லிய தோலாக உரிந்து மிதந்தது. ராஜா போனார், கிணறு போனது.

"அப்பா, படம் போவுதுப்பா" என்றேன்.

"படம் எங்க போவும்? இது மேல கெடக்கிற அழுக்கு. மயிரும் அழுக்கும் போனாத்தான் தோல்ல ரேகை தெரியும். இதுவும் அப்படித்தான். மெஷின்ல போட்டு வெளிச்சம் அடிச்சா அடியில கெடக்கிறது வரும்."

எனக்குத் தெரியும். ஒன்றரை மாதமாகக் கண்ணாடி பிடித்தவளுக்கு அந்தக் கறுப்புத்தான் படம் என்பது தெரியாதா? ஆனால் அவர் கை தப்பாகப் போய் நான் பார்த்ததில்லை. அவர் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னபோது, நாங்கள் பார்த்ததெல்லாம் வெறும் அழுக்கைத்தானோ, உண்மையான படம் அடியில் இருக்கிறதோ என்று எனக்குக் குழம்பிவிட்டது. மிதந்ததை அள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கை நீட்டினேன், தொட்டதும் கரைந்தது.

தோல் காயப்போடுகிற கொட்டகையில் கம்புகளில் போட்டுக் காயவைத்தார். ஆட்டுத் தோல்களுக்கு நடுவே அந்தச் சுருள்கள் கண்ணாடி மாதிரி தொங்கின. ஒன்றைப் பிடித்து வானத்துக்கு நேராகக் காட்டினார். அதன் வழியாக எதிரே இருந்த வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. "பாரு, இன்னா சுத்தம்! உங்க மாமா சந்தோஷப்படுவான் பாரு" என்றார். அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் ஜெபக்கூட்டத்திலும் பார்த்ததில்லை. அவர் கொள்கையையே விட்டுக்கொடுத்து மச்சினனுக்குச் செய்த காரியம் அது. டப்பாக்களைக்கூடச் சீயக்காய் போட்டுத் தேய்த்து வைத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் மாமா அந்த அதிகாரியோடு வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட அமைதியான மனிதர். அப்பா கம்பெனியில் இருந்தார். கூடத்திலேயே உட்காரவைத்து, மாமா டப்பாவின் மூடியைத் திறந்து இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். சுருளை உருவினார். இன்னும் உருவினார். அடுத்த டப்பா. அதற்கடுத்தது. கூடம் முழுக்கக் கண்ணாடிச் சுருளாகக் கிடந்தது.

"யாரு இத பண்ணது?" என்றார்.

அம்மா அடுப்பில் டீத்தண்ணீர் வைத்திருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை.

"நான்தான் மாமா. நாறுச்சு, கழுவிட்டேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அப்பா செய்தார் என்று தெரிந்தால் மாமா வீட்டை விட்டுப் போய்விடுவார் என்று பயந்தேனா? அப்பாவின் அந்த முகத்தைக் கெடுக்க மனசு வரவில்லையா? அவரிடம் போய்ச் சொன்னவள் நான்தானே என்ற குற்ற உணர்ச்சியா? ஒவ்வொரு வயசில் ஒவ்வொரு காரணம் சரியாகப் படுகிறது. அன்றைக்கு வாயில் வந்தது, சொன்னேன், அவ்வளவுதான் நிச்சயம்.

மாமா அடிக்கவில்லை. அதிகாரி சுருள்களைப் பொறுமையாகப் பார்த்தார். ஒன்றில் கடைசி முனை சுருண்டு ஒட்டியிருந்ததால் பேட் ஏறாமல் ஒரு சாண் நீளம் தப்பித்திருந்தது. அதைக் கத்தரித்துக் கவரில் போட்டுக்கொண்டார். மாமாவின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, டீ குடிக்காமல் போனார்.

ஜூலை முதல் வாரம் மாமா அப்பாவோடு கம்பெனிக்குப் போனார். முப்பத்து மூன்று வருஷம். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் தோஸ்த் ஆகிவிட்டார்கள். ஒரே சைக்கிளில் போவார்கள், ஒரே டீயைப் பாதி பாதி குடிப்பார்கள். மாமா சபைக்குக்கூட வர ஆரம்பித்தார். அப்பாவின் கட்டைவிரல் வித்தை அவர் கைக்கும் வந்துவிட்டது.

என்னிடம் மட்டும் அவர் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. என் கல்யாணத்தில் பந்தல் போட்டது முதல் பாத்திரம் கழுவியது வரை முன்னால் நின்று செய்தவர் அவர்தான். ஆனால் "பொண்ண வரச் சொல்லுங்க" என்று மூன்றாம் மனுஷர் மாதிரி மற்றவர்களிடம் சொன்னார். என் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. செய்யாத தப்பை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். வேண்டியதுதான் என்று இருந்துவிட்டேன். இருந்துவிட்டேன் என்று சுலபமாக எழுதுகிறேன். எனக்கு உலகத்திலேயே பிடித்த மனுஷர் அவர். அப்பா போனார். அம்மாவும் போனாள். கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள், இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதில் எனக்கு அவள்மேல் இன்றும் கோபம் உண்டு.

இந்த வருஷம் தை மாதம் மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன். சத்துவாச்சாரியில் மகன் வீட்டில் இருக்கிறார். பார்க்கப் போனேன். என் பேரன் போனில் பேசாத படங்களைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தான். இப்போது எல்லாம் சுத்தமாகத் துடைத்து, யாரோ பின்னால் பியானோவும் வாசித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை, அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். மாமாவுக்குக் கம்பெனியில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் ஓடுகிற சத்தத்தில் காது போய்ப் பல வருஷமாகிறது, அவருக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினேன். ஒரு கண்ணில் கட்டோடு, இன்னொரு கண்ணால் பார்த்தார். குட்டையாக ஓர் ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பித் திரும்பி எல்லோரையும் இடித்தான். மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, அன்னிக்கு அத கழுவினது நான் இல்ல" என்றேன்.

"ஆங்?"

ஐம்பது வருஷம் பொத்தி வைத்ததைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. "அத கழுவினது நான் இல்ல மாமா! அப்பா!" சமையலறையிலிருந்து அவர் மருமகள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

மாமா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றார். "டப்பாவ தொறந்ததுமே உங்கப்பா கையில அடிக்கிற அதே பேட் வாசன. பத்து வயசுப் பொண்ணுக்கு பேட் பவுடர் எங்கிருந்து கெடைக்கும்?"

"அப்பறம் ஏன் மாமா என்கிட்ட பேசல?" என்று கத்தினேன்.

"பேசினா நீ சொல்லிடுவ. நீ சொல்லிட்டா அவர நான் கேட்டாவணும். கேட்டுட்டு அந்த வூட்ல சோறு துன்ன முடியுமா? அக்காவ வுட்டுட்டு எங்க போவேன்?" கண்கட்டைச் சரிசெய்துகொண்டார். "ஒரு நாளு குழி கிட்ட நின்னுக்கினு உங்கப்பா கேட்டாரு, 'படம் நல்லா வந்துச்சாடா?'ன்னு. 'ரொம்ப நல்லா வந்துச்சு, அவங்களுக்கு அந்தக் கத புடிக்கல, அதான் எடுத்துக்கல'ன்னேன். 'அப்படியா'ன்னு அவ்ளோ சந்தோஷம் அந்த மனுஷனுக்கு. சாகிற வரைக்கும் தெரியாது. அதுக்கப்பறம் பேசாம இருந்தே பழகிடுச்சு."

அப்பாவுக்குத் தெரியாமலே போனது நல்லதுதான். மாமா செய்தது பெரிய காரியம்தான். நானே அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. இதையெல்லாம் இப்போது எழுதும்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு வந்தது கோபம். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வீட்டில் எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்ப நானு மாமா?" என்றேன். சாதாரணக் குரலில்தான் வந்தது.

அவர் கையைக் காதுக்கு மடித்து வைத்துக்கொண்டு, ஐம்பது வருஷத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். "இன்னாம்மா சொன்ன?"

இன்னொரு தடவை அதைக் கத்த என்னால் முடியவில்லை. "ஒண்ணுமில்ல மாமா" என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த படத்தைப் போட்டுக் கொடுத்தேன்.